லிமாஹுலி தோட்டம், கவாய் தீவு: காலையிலேயே போய்விடுங்கள்

ஹவாயில் கடற்கரை பார்த்து அலுத்த நான்காம் நாள் போனோம். தீவின் வடகோடியில், ஹாஎனாவில், மக்கானா மலையடியில் இருக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பூக்களுக்காகப் போகாதீர்கள், சேம்புக்காகப் போங்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய வயல் படிகளில் இன்றும் சேம்பு நிற்கிறது. ஓடையிலிருந்து வாய்க்காலில் வரும் நீர் ஒவ்வொரு படியாக நிரப்பி இறங்கி, கடைசியில் ஓடைக்கே திரும்பிவிடுகிறது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்து ஹவாய் மக்கள் மலையுச்சி முதல் கடல்வரை ஒரே துண்டாக நிலத்தைப் பிரித்து, அதற்கு அஹுபுவா என்று பெயர் வைத்தார்கள். தண்ணீரையும் மீன்பிடிப்பையும் கவனிக்க கொனோஹிக்கி என்ற அதிகாரி இருந்தார். அவர்கள் மொழியில் 'வாய்' என்றால் நீர், 'வாய்வாய்' என்றால் செல்வம்!

என்னை அப்படியே நிறுத்தியது அவர்களுடைய பழங்கதையான ஹாலோவாவின் கதைதான். இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்ததாம். அடுத்துப் பிறந்தவன் மனிதன். அதனால் சேம்பு அவர்களுக்கு அண்ணன். அதைக் கேட்டபின் அந்த இலைகளை நான் பார்த்த விதமே மாறிவிட்டது.

பாதை கொஞ்சம் ஏற்றம். முழங்கால் வலியோடு அம்மா மெதுவாக முடித்துவிட்டார். அப்புறம், கொசு மருந்தை மறக்காதீர்கள்.