சூ ஆனுக்கு முந்தைய பெட்டி வைட்: எந்த டிவிடியை முதலில் வாங்குவது?

'த மேரி டைலர் மூர் ஷோ' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரில், தேனாகப் பேசியே குத்தும் சமையல் நிகழ்ச்சிக்காரி சூ ஆன் நிவென்ஸாக நடிகை பெட்டி வைட் முதன்முதலில் வந்து நின்றது 1973 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 51. திரைக்கதை எழுதியவர்கள் 'பெட்டி வைட் மாதிரி தித்திப்பாகப் பேசும் ஒரு பெண்' வேண்டும் என்று தேடி, அப்படி யாரும் அமையாமல் கடைசியில் பெட்டி வைட்டையே கூப்பிட்டார்கள் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பலரும் சொல்லும் கதை. 'பெட்டி வைட் மாதிரி' என்று சொன்னாலே எல்லோருக்கும் புரியும் அளவுக்கு அவர் அதற்குள் பெயர் வாங்கியிருந்தார் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய விஷயம். அந்தப் பெயரை வாங்கித் தந்த 24 வருட உழைப்பில் டிஸ்க்கில் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் தரம் ஏகத்துக்கும் மாறும்.

பெரும்பாலோர் முதலில் வாங்குவது 'லைஃப் வித் எலிசபெத்'. மலிவு, சுலபமாகக் கிடைக்கும், அட்டையில் இளவயது பெட்டி வைட் சிரிப்பார். நல்ல தொடர்தான். ஆனால் சூ ஆன் எங்கிருந்து வந்தாள் என்று பார்க்க விரும்புகிறவர் அதிலிருந்து தொடங்கக் கூடாது. 'பாஸ்வேர்ட்' விளையாட்டு நிகழ்ச்சியின் தொகுப்பைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

முதலில் எலிசபெத்தையே பார்த்துவிடலாம். 1949ல் லாஸ் ஏஞ்சலஸின் கேஎல்ஏசி நிலையத்தில் அல் ஜார்விஸ் என்ற வானொலிக்காரர் 'ஹாலிவுட் ஆன் டெலிவிஷன்' என்ற நேரலையைத் தொடங்கியபோது உடன் பேச பெட்டி வைட்டைச் சேர்த்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஐந்தரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். எழுதி வைத்த வசனம் கிடையாது. விளம்பரத்தையும் அவர்களே நேரலையில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தை நிரப்பச் செய்த குட்டிக் குட்டி கணவன் மனைவி நாடகங்கள்தான் பின்னால் 'லைஃப் வித் எலிசபெத்' ஆயின. நாடு முழுக்க நிலையங்களுக்கு விற்பதற்காக 1953 முதல் 1955 வரை 65 அரைமணி எபிசோடுகள் எடுத்தார்கள். ஜார்ஜ் டிபிள்ஸ், டான் ஃபெடர்சன் இருவருடன் சேர்ந்து தயாரிப்பிலும் பெட்டி வைட் பங்குதாரர். முப்பது வயதை அப்போதுதான் தாண்டியிருந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் தன் நிகழ்ச்சிக்குத் தானே தயாரிப்பாளராக இருந்தது சாதாரண விஷயமில்லை.

ஒவ்வொரு எபிசோடிலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சிறு நாடகங்கள். கணவன் ஆல்வினாக டெல் மூர். அறிவிப்பாளர் குரல் ஜாக் நார்ஸ், பிற்பாடு அவரும் விளையாட்டு நிகழ்ச்சி நடத்துநர் ஆனார். ஒவ்வொரு நாடகமும் எலிசபெத் ஏதாவது ஒரு குழப்படி செய்வதில் முடியும். அப்போது குரல் கேட்கும்: எலிசபெத், உனக்கு வெட்கமாக இல்லையா? அவர் கேமராவை நேராகப் பார்த்து, உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வேகவேகமாகத் தலையை ஆட்டுவார். இல்லை! அந்தத் தலையாட்டலை நன்றாகப் பார்த்து வையுங்கள். சூ ஆனின் முழுக் குணமும் அதற்குள் சுருண்டு கிடக்கிறது.

டிஸ்க்கைப் பொறுத்தவரை சிக்கல் இதுதான். இத்தொடரின் பல எபிசோடுகள் காப்புரிமை இல்லாமல் பொதுவுடைமை ஆகிவிட்டன. அதனால் யார் வேண்டுமானாலும் டிவிடி போடலாம், போட்டுவிட்டார்கள். பெயர் வேறு, அட்டை வேறு, உள்ளே அதே பத்துப் பன்னிரண்டு எபிசோடுகள். இரண்டு தொகுப்பு வாங்கினால் பாதிக்குப் பாதி இரட்டிப்பாக வந்து சேரும். வாங்கும் முன் எபிசோடு பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம். பட்டியலே போடாத அட்டையை வாங்க வேண்டாம். ஒரே டிஸ்க்கில் எட்டுப் பத்து எபிசோடு என்று போட்டிருந்தால் இடம் போதாமல் அழுத்திப் பதிந்திருப்பார்கள். முகம் நகரும்போது கட்டம் கட்டமாக உடையும். இன்னொன்று, கைமாறி கைமாறி வந்த ஒளிபரப்புப் பிரதியிலிருந்து எடுத்தவை என்பதால் ஒலியில் இரைச்சல் இருக்கும், சிலவற்றில் தொடக்கத் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று சிலர் உயர் ஒலியை ஒரேயடியாக மழுக்கிவிடுகிறார்கள். அது இரைச்சலைவிட மோசம். பெட்டி வைட்டின் குரலில் நமக்குத் தேவையானது எல்லாம் அந்த உயர் ஒலியில்தான் இருக்கிறது.

'டேட் வித் த ஏஞ்சல்ஸ்' டிஸ்க்கைத் தவிர்க்கலாம். 1957ல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நின்ற தொடர். நாயகியின் பகற்கனவுகளை வைத்துக் கதை நகரும் என்பதுதான் மூலத் திட்டம். விளம்பரதாரருக்குக் கனவுக் காட்சிகள் பிடிக்கவில்லை, தூக்கிவிட்டார்கள். மிஞ்சியது இன்னொரு கணவன் மனைவி தொடர். விட்டு வெளியே வந்தால் போதும் என்று தோன்றிய ஒரே நிகழ்ச்சி அதுதான் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இனி 'பாஸ்வேர்ட்'. 1961 அக்டோபர் 2 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கி 1967 செப்டம்பர் வரை ஓடிய பகல்நேர நிகழ்ச்சி. குட்சன் டாட்மன் நிறுவனத் தயாரிப்பு, உருவாக்கியவர் பாப் ஸ்டூவர்ட், நடத்தியவர் ஆலன் லடன். அந்தக் காலத்துப் பகல்நேர விளையாட்டு நிகழ்ச்சிகளின் டேப்புகளைப் பெரும்பாலும் அழித்து மறுபடி பதிவுக்குப் பயன்படுத்திவிடுவார்கள். 1971 முதல் 1975 வரை ஏபிசியில் வந்த 'பாஸ்வேர்ட்' பெரும்பகுதி அப்படித்தான் போனது. சிபிஎஸ் கால எபிசோடுகள் தப்பித்தது பெரிய அதிர்ஷ்டம். அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த டிவிடி தொகுப்பு 2008ல் வந்தது. இப்போது பழைய டிஸ்க் விற்பவர்களிடம்தான் தேட வேண்டும்.

விளையாட்டு புரியாவிட்டால் அவர் என்ன செய்கிறார் என்பது கண்ணில் படாது. இரண்டு அணி. ஒவ்வொன்றிலும் ஒரு பிரபலம், ஒரு சாதாரணப் போட்டியாளர். ஒரு சொல் அட்டையில் வரும். அதைப் பார்த்தவர் ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகச் சொல்லித் தன் ஜோடியைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். முதல் குறிப்பிலேயே பிடித்தால் 10 புள்ளி. தவறினால் வாய்ப்பு எதிரணிக்கு, 9 புள்ளி. அப்படியே குறைந்துகொண்டே வரும். முதலில் 25 எட்டும் அணி வெல்லும். வென்றவருக்குப் பகல் நிகழ்ச்சியில் 100 டாலர். அதன்பின் மின்னல் சுற்று: 60 நொடி, ஐந்து சொல், சொல்லுக்கு 50 டாலர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் சொல்லும் குறிப்பு எதிரணி காதிலும் விழுகிறது. பாதிச் சரியான குறிப்பைக் கொடுத்தால், அதன்மேல் இன்னொன்றை வைத்து 9 புள்ளியை எதிராளி தூக்கிக்கொண்டு போவார். அதனால் முதல் குறிப்பு ஒன்று குறி தப்பாமல் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்கு உதவாதபடி விலகி நிற்க வேண்டும். புத்திசாலித்தனத்தைக் காட்டுகிறேன் என்று எட்டாத குறிப்பு கொடுப்பவர்கள் சரியாக இங்கேதான் சறுக்குவார்கள். 'த ஆட் கப்பிள்' என்ற நகைச்சுவைத் தொடர் இதையே வைத்து 1972ல் ஒரு எபிசோடு செய்தது. 'பறவை' என்ற சொல்லுக்கு நாயகர்களில் ஒருவனான ஃபீலிக்ஸ் கொடுக்கும் குறிப்பு அரிஸ்டோஃபனீஸ். அந்தக் கிரேக்கர் பறவைகளைப் பற்றி நாடகம் எழுதியவர் என்பது ஜோடியாக உட்கார்ந்திருக்கும் ஆஸ்கருக்குத் தெரிந்தால்தானே. லடனும் பெட்டி வைட்டும் அதில் தாங்களாகவே வருகிறார்கள். அத்தொடரின் மூன்றாம் சீசன் டிவிடியில் இருக்கிறது. இந்த வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டியது.

ஒரு சொல்தான் அனுமதி என்னும்போது மிச்சம் எல்லாவற்றையும் குரல்தான் செய்ய வேண்டும். 'சூடு' என்று தட்டையாகச் சொன்னால் அதற்கு ஒத்த சொல் வேண்டும் என்று பொருள். அதையே கடைசியில் மேலே இழுத்து, 'சூடு இல்லை, ஆனால்...' என்பதுபோல் தொங்கவிட்டால் எதிர்ச்சொல் வேண்டும், குளிர். சொல்லை முடிக்காத தொனியில் விட்டால் அதோடு ஒட்டி வரும் அடுத்த சொல் வேண்டும். மூன்று தொனி, மூன்று வேலை. பெட்டி வைட் இதில் கைதேர்ந்தவர். அவரைப் பார்க்கும்போது வாயைவிடக் கண்ணைப் பாருங்கள். குறிப்பைச் சொன்ன பிறகு அவர் ஜோடியை விட்டுப் பார்வையை எடுப்பதில்லை. புருவம் ஒரு நூல் உயரும், தலை லேசாக முன்னே சாயும். எதிரே இருப்பவர் தொலைக்காட்சியையே முதல் தடவை பக்கத்தில் பார்க்கும் ஒரு சாதாரண ஆள். அவர் பதறாமல் யோசிக்க அந்தப் பார்வை இடம் கொடுக்கும். விடை தப்பினாலும் பெட்டி வைட்டின் முகம் சுருங்குவதில்லை. ஒத்திகை இல்லாத இடத்தில் இன்னொருவரின் தாளத்துக்குத் தன்னைப் பொருத்திக்கொள்வது என்ற நடிப்புப் பாடம், எழுதி வைத்த எந்தத் தொடரிலும் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது. எலிசபெத் டிஸ்க்கில் திறமை தெரிகிறது. இதில் அந்தத் திறமை வேலை செய்யும் விதம் தெரிகிறது.

லடனைத் திருமணம் செய்துகொண்டது 1963 ஜூனில். திருமணத்துக்கு முந்தைய, பிந்தைய எபிசோடுகளை அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சொந்த மனைவி என்பதற்காக லடன் விதியைத் தளர்த்துவதில்லை, அவரும் கேட்பதில்லை.

தொகுப்பின் குறைகளையும் சொல்ல வேண்டும். இது பெட்டி வைட் தொகுப்பு இல்லை, நிகழ்ச்சியின் தொகுப்பு. ஒவ்வொரு எபிசோடிலும் வேறு வேறு பிரபலங்கள். அவர் வரும் எபிசோடுகளை அட்டையின் பின்பக்கம் பார்த்து எண்ணிவிட்டு விலையை முடிவு செய்யுங்கள். படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அறுபது வருடப் பழசுக்கு உரிய மென்மை இருக்கும். தொலைக்காட்சியில் 'ஷார்ப்னெஸ்'ஸைக் குறைத்து, 4:3 விகிதத்தில் வைத்துப் பாருங்கள். திரையை நிரப்ப இழுத்தால் முகம் அகலும், பெரிதாக்கினால் மேலும் கீழும் வெட்டுப்படும்.

இவை எல்லாம் அமெரிக்காவில் வெளியான டிஸ்க்குகள். பெரும்பாலும் மண்டலக் குறியீடு 1, வட அமெரிக்கப் படமுறையான என்டிஎஸ்சி. வேறு மண்டலத்துக்குப் பூட்டிய பிளேயரில் ஓடாது. ஆனால் பொதுவுடைமைத் தொடர்களின் டிஸ்க்குகள் பல, மண்டலப் பூட்டே இல்லாமல் வரும். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். ஆகவே ஒரு தொகுப்புக்காக அவசரப்பட்டு மாற்றாதீர்கள்.

விலங்குகளை வைத்து அவர் நடத்திய 'த பெட் செட்' மறுபக்கம். 1971ல் 39 எபிசோடு எடுத்தார்கள், தயாரிப்பில் லடனும் உண்டு. ஐம்பது வருடம் கழித்து 2021ல் சீர்செய்து வெளியிட்டார்கள். இந்தக் கட்டுரையில் வரும் டிஸ்க்குகளில் படத் தரம் மிகச் சிறந்தது இதுதான், வண்ணமும் நன்றாக வந்திருக்கிறது. விருந்தாளிகள் தங்கள் நாயோடு வந்து பேசுவார்கள். கரோல் பர்னெட் வருகிறார், மேரி டைலர் மூரே வருகிறார். சூ ஆன் பாத்திரத்துக்கு இரண்டு வருடம் முன்பே இருவரும் எவ்வளவு நெருங்கிய சிநேகிதிகள் என்பது தெரியும். நடிப்பைத் தேடுகிறவருக்கு இதில் பெரிதாகத் தீனி இல்லை. விலங்குப் பிரியர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

சினிமாவில் 1962ல் ஓட்டோ பிரெமிஞ்சரின் 'அட்வைஸ் அண்ட் கன்சென்ட்' படத்தில் கான்சஸ் செனட்டராகச் சிறு வேடம். அதற்காக மட்டும் டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. என்பிசியில் 1954ல் அவர் நடத்திய பகல்நேர நிகழ்ச்சிதான் உண்மையில் பார்க்கக் கிடைக்க வேண்டியது. கறுப்பின டாப் நடனக் கலைஞர் ஆர்தர் டன்கனை நீக்கச் சொல்லித் தென் மாநில நிலையங்கள் நெருக்கியபோது அவர் மறுத்து, டன்கனுக்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுத்தார். இயக்குநராக ஒரு பெண்ணை அமர்த்தியதும் அதே நிகழ்ச்சியில்தான். 2018ல் வந்த 'பெட்டி வைட்: ஃபர்ஸ்ட் லேடி ஆஃப் டெலிவிஷன்' ஆவணப்படத்தில் இந்தப் பகுதி இருக்கிறது, டன்கனே பேசுகிறார். அந்தச் சில நிமிடங்களுக்காகவே அதை வாங்கலாம்.

எல்லாம் பார்த்த கையோடு மேரி டைலர் மூர் நான்காம் சீசனின் முதல் எபிசோடைப் போடுங்கள். கையில் சூஃப்ளே தட்டோடு சூ ஆன் நிற்கிறாள். எதிரே, தன் கணவன் சூ ஆனோடு கள்ளத் தொடர்பு வைத்திருப்பது தெரிந்த ஃபிலிஸ், மேரியின் தோழி, கொதிக்கிறாள். தேன் ஒழுகும் குரல் மாறவே இல்லை. அடுப்பின் கதவை முழங்காலால் ஒரு தள்ளு, மூடிக்கொள்கிறது. ஃபிலிஸைப் பார்த்தபடி சூ ஆன் சொல்லும் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். 'பாஸ்வேர்ட்' மேஜையில் கேட்ட அதே மூன்று தொனிகள்.