வேம்பை மொட்டையடிப்பதா, கொப்பு பார்த்து வெட்டுவதா?

மாரி நெருங்கினால் மட்டக்களப்பில் மரம் வெட்டுகிறவர்களுக்கு ஓய்வில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியை மறக்காத ஊர். கூரைக்கு மேல் சாய்ந்து நிற்கும் வேம்பைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். வழி மூன்று: தலையை மொட்டையடிப்பது, கொப்பு தெரிந்து வெட்டுவது, அடியோடு தறிப்பது.

மொட்டையடித்தால் அரை நாளில் வேலை முடியும், கூலியும் குறைவு. அந்த ஆண்டு மாரிக்குக் காற்றுப் பிடிக்க இலையே இருக்காது, அது உண்மைதான். ஆனால் இலை போனதும் மரம் பட்டினி. வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்த மாச்சத்தைச் செலவழித்து, பட்டைக்கு அடியில் தூங்கிய மொட்டுகளை எழுப்பிவிடும். வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக முளை வரும். அதில் ஒன்றைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், பட்டையோடு உரிந்து கையில் வரும். பழைய கொப்பைப் போல மரத்தின் உள்ளிருந்து வளர்ந்ததல்ல அது, மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பது. சில ஆண்டுகளில் அதே உயரத்துக்கு வந்துவிடும். அதற்குள் வெட்டுவாயில் மழைநீர் ஊறி உள்ளே உளுக்கத் தொடங்கியிருக்கும். அப்போது வருகிற காற்றுக்கு எந்தக் கொப்பு முறியும் என்று சொல்லவே முடியாது. மா மரமென்றால் ஓரிரு ஆண்டுக் காயும் போச்சு.

கொப்பு பார்த்து வெட்டுவதற்கு ஆள் தேட வேண்டும், காசும் கூட. நெடுங்கொப்பை நடுவில் துண்டிக்காமல், அதன் பருமனில் மூன்றிலொன்றாவது உள்ள பக்கக்கொப்பு பிரியும் இடம்வரை குறைக்க வேண்டும். ஒரே தடவையில் கால்வாசி இலைக்கு மேல் எடுக்கக் கூடாது. முழுக் கொப்பையும் எடுப்பதானால், அது தண்டோடு சேருமிடத்தில் உள்ள தடித்த மடிப்பை விட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ எத்தனையோ மரங்களைப் பிளந்து பார்த்துக் காட்டியது இதுதான்: மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை, சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துக்கொள்கிறது. அந்தச் சுவர் பலமாக எழும்புவது மடிப்பில்தான். தார், பெயின்ட் பூசுவதில் பயனில்லை.

வேலிச் சீமைக்கிளுவையும் முருங்கையும் வேறு கதை. இளசிலிருந்தே வெட்டிப் பழகியவை, தாராளமாக வெட்டலாம். தென்னை, பனைக்கு இந்தப் பேச்சே இல்லை, குருத்துப் போனால் மரமே போச்சு.

என்னைக் கேட்டால், கூரையையோ கரண்ட் கம்பியையோ உரசாமல் நிற்கவே முடியாத மரத்தைத் தறித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு எலுமிச்சையை நடுவது, ஒவ்வொரு மாரிக்கும் மொட்டையடிப்பதைவிட மேல். மற்றதுக்கெல்லாம் இரண்டாவது வழி.

ஏற்கெனவே மொட்டையான மரம் வளவில் நிற்கிறதா? ஒவ்வொரு வெட்டுவாயிலும் உறுதியான முளை ஒன்றிரண்டை மட்டும் விட்டு, மற்றதை இரண்டு மூன்று ஆண்டில் மெல்ல மெல்லக் கழியுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் உருவினால் மரம் மறுபடியும் பட்டினிதான்.