டிசம்பர் விடுமுறைக்கு ரிசார்ட் அறை போடுபவர்கள் கவனத்துக்கு: 46,800 ரூபாய் போன விதம்

நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்துக் கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். சேலம் புதிய பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டிராவல்ஸ் கடைகளில் ஒன்றில், இரண்டு ரிசார்ட் அறைகளுக்கும் ஆறு பேருடைய பூங்கா டிக்கெட்டுக்கும் என்று அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, லேமினேஷன் செய்த ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அங்கே போனால் அறையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடக்கும்போது எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். மற்றபடி அவர்கள் மேல் எனக்கு எந்த இரக்கமும் கிடையாது.

அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் ஏற்காடுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் சின்னவன் இரண்டு இடத்திலாவது வாந்தி எடுப்பான், மேலே போனால் பனிமூட்டத்தில் எதிரே இருப்பவர் முகம் தெரியாது, ஏரியில் படகு, சூடாக மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் கீழே இறங்கிவிடுவோம். இந்த முறை எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அண்ணன் மகனும் அவளுடன் சேர்ந்துகொண்டான். பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லாதான் வேண்டும் என்றார்கள். 2005இல் திறந்த பூங்கா, சேலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடம். தொப்பூர் கணவாய், கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்தில் நைஸ் ரோட்டைப் பிடித்துவிட்டால் நகர நெரிசலுக்குள் போகாமல் மைசூரு சாலைக்குப் போய்விடலாம். சரி என்றோம்.

எங்கே தங்குவது என்பதில்தான் பேச்சு நீண்டது. குளிர்காலத்தில் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் காலைக் குளிர் நம் ஊரைவிட அதிகம். தண்ணீர் விளையாட்டை உச்சி வெயிலில் முடித்துவிட வேண்டும். மூன்று, நான்கு மணிக்கு மேல் ஈரத்தோடு நின்றால் பிள்ளைகளுக்குப் பல் கிட்டிக்கும். பருத்தித் துணியோடு தண்ணீரில் விட மாட்டார்கள், நைலான் உடை வேண்டும், அதை மாற்ற வேண்டும், தலை துவட்ட வேண்டும். அத்தைக்கோ முழங்கால் வலி. அவர் எந்த ராட்டினத்திலும் ஏறப்போவதில்லை, நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. பிடதி ஊருக்குள் லாட்ஜ் எடுக்கலாம், கெங்கேரி பக்கம் ஓட்டல் எடுக்கலாம், இரண்டும் செலவு குறைவு. ஆனால் அத்தை நினைத்த நேரத்தில் போய்ப் படுக்க, பூங்காவை ஒட்டி அவர்களே நடத்தும் ரிசார்ட்தான் சரி என்று முடிவு செய்தோம். அந்த வாரத்தில் அங்கே அறைக்குக் கிராக்கி. என் வீட்டுக்காரர் இணையத்தில் பார்த்தபோது நாங்கள் கேட்ட இரண்டு இரவுகளுக்கும் அறை காட்டவில்லை.

இந்த இடத்தில்தான் அந்தக் கடை வருகிறது. "இணையத்தில் இல்லாவிட்டால் என்ன, ஏஜென்ட் கோட்டாவில் இருக்கும், நான் எடுத்துத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். இந்த 'கோட்டா' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, செருப்பு இல்லாத கால், நெற்றி நிறையச் சந்தனம். எங்களுக்கு முன்னால் இருந்தவர் பாக்கிப் பணம் கொடுத்துவிட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். சுவர் முழுக்க அவர் அழைத்துப்போன யாத்திரைக் குழுக்களின் படங்கள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து நின்று, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, "அம்மா, கீழ்த்தளத்தில் அறை கேட்டு வாங்குகிறேன், படி ஏற வேண்டாம்" என்றார். நாங்கள் கேட்காமல் அவராகவே சொன்னது அது. என்னை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அக்கா" என்றார். வெளியே வந்ததும் அத்தை சொன்னது: "மாலை போட்ட சாமி, வாய் தவற மாட்டார்." எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. மாலையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை வியாபாரத்துக்கு முன்னால் மாட்டி வைத்தவர் மேல்தான்.

பில் கேட்டேன். "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் அக்கா, உங்களுக்கு எதற்கு அந்தச் செலவு, வவுச்சரே பில் மாதிரிதான்" என்றார். பணத்தை மேஜையில் ஒட்டியிருந்த கியூஆர் கோடில் அனுப்பச் சொன்னார். திரையில் கடைப் பெயர் வரவில்லை, ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு "என் வீட்டம்மா கணக்கு, எல்லாம் ஒன்றுதான்" என்றார். 46,800 ரூபாய் போனது. பக்கத்து அறையில் மெஷின் ஓடிய சத்தம் கேட்டது, சூடு ஆறாத லேமினேஷன் காகிதம் கைக்கு வந்தது. மேலே ரிசார்ட் நீச்சல் குளத்தின் படம், நடுவில் எங்கள் பெயர்கள், அவற்றின் எதிரே வயது, கீழே ஊதா மையில் வட்ட முத்திரை, ஓரத்தில் மினுமினுக்கும் ஒரு ஸ்டிக்கர். முத்திரை அவர் கடையினுடையது. 'புக்கிங் எண்' என்று இருந்ததும் அவர் கடையின் வரிசை எண்தான் என்று பிறகு தெரிந்தது.

வயது என்று சொன்னேன் அல்லவா. அந்தப் பூங்காவில் பிள்ளைகளுக்கு டிக்கெட் போடுவது உயரத்தைப் பார்த்து. 140 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரியவர் டிக்கெட்தான், பிறந்த தேதியை யாரும் கேட்பதில்லை. அங்கே ஆட்களை அனுப்பிப் பழக்கமுள்ள ஏஜென்ட் முதலில் உயரம் கேட்டிருப்பார். இவர் மூன்று பிள்ளைகளுக்கும் வயது கேட்டு, அழகாக எழுதிக்கொண்டார்.

விடியுமுன் கிளம்பி, வழியில் எந்தத் தடங்கலும் இல்லாமல் பிடதி போய்ச் சேர்ந்தோம். அந்த ஊர்த் தட்டை இட்லி, மேலே வெண்ணெய், பிள்ளைகள் குதூகலமாகச் சாப்பிட்டார்கள். பூங்கா 11 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதலில் ரிசார்ட்டுக்குப் போய்ப் பெட்டிகளைக் கொடுத்துவிடலாம் என்று போனோம். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் காகிதத்தை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கணினியில் என் வீட்டுக்காரர் பெயரைத் தட்டினார், கைபேசி எண்ணைத் தட்டினார், அண்ணன் மகன் பெயரைக்கூடத் தட்டினார். பிறகு மெதுவாக, நல்ல தமிழில், "அம்மா, இது எங்கள் எண் இல்லை. உங்கள் பெயரில் இன்று அறை எதுவும் இல்லை" என்றார். அன்று அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அத்தைக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நுழைவாயிலில் டிக்கெட் பக்கத்தைக் காட்டினோம், அதிலிருந்த ஸ்கேன் கோடு எந்த மெஷினிலும் எடுபடவில்லை.

மகள் ஏற்கெனவே நைலான் உடையை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் எதுவும் பேசவில்லை.

அங்கிருந்தே கடைக்குப் போன் செய்தோம். "சர்வர் பிரச்சினை அக்கா, பத்து நிமிடத்தில் அவர்கள் கணினியில் ஏறிவிடும்." பத்து நிமிடம் கழித்து, "பெங்களூர் ஏஜென்டிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்." அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மதியம் போன் அணைந்துவிட்டது. பிள்ளைகளை அப்படியே திருப்பி அழைத்துவர மனம் இல்லாமல் கவுன்டரில் மறுபடி முழு விலைக்கு டிக்கெட் எடுத்தோம். இரவுக்குக் கெங்கேரி தாண்டி, லிப்ட் இல்லாத ஒரு லாட்ஜில் மூன்றாவது மாடி. அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அந்தச் செலவெல்லாம் 46,800இல் சேராது, அது தனி.

சேலம் வந்து கடைக்குப் போனால் ஒரு பையன் மட்டும் இருந்தான். "சாமி இருமுடி கட்டி மலைக்குப் போய்விட்டார், பம்பையில் டவர் கிடைக்காது." சரி, மலைக்குப் போனவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பினோம். அன்று இரவே அவருடைய வாட்ஸ்அப் நிலையில் பொங்கல் டூர் விளம்பரம் மாறியிருந்தது. விளம்பரத்துக்கு மட்டும் டவர் கிடைத்திருக்கிறது. நான் அனுப்பிய செய்திகளுக்குக் கீழே இரண்டு நீலக் கோடுகள், பதில் இல்லை.

ஆள் திரும்பி வந்தார். மாலை இல்லை, பேண்ட் சட்டை. "அக்கா" என்ற வார்த்தையும் மாலையோடு கழன்றுவிட்டது, "மேடம்" ஆகிவிட்டேன். முதலில், பணத்தை மேலே கட்டிவிட்டேன், அங்கிருந்து வந்தால் தருகிறேன் என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டால் பெயர் இல்லை, ரசீது இல்லை. அடுத்த முறை போனபோது, விருந்தினர் தாமதமாக வந்ததால் அறை ரத்தாகிவிட்டது, ரத்துக்குப் பணம் திரும்பாது என்று பேச்சு மாறியது. காலை பத்து மணிக்குப் போய் நின்ற நாங்கள் தாமதமாம்! அதற்கும் பிறகு, அதே தொகைக்கு ஊட்டி டூர் ஏற்பாடு செய்கிறேன் என்றார். கடைசியாக, "உங்கள் முகத்துக்காக" ஐயாயிரம் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். 46,800க்கு ஐயாயிரம். என் வீட்டுக்காரர் என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவராவிட்டால் அந்த லேமினேஷன் மெஷின் தெருவில் கிடந்திருக்கும்.

வங்கியில், நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் எதுவும் செய்வதற்கில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் முதலில் இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இல்லாத அறைக்குப் பணம் வாங்குவது கொடுக்கல் வாங்கலா? பழைய சட்டத்தில் 420 என்று ஊரே சொல்லும் மோசடிதான் இது. 2024 ஜூலையிலிருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு மனுவைத் திரும்ப எழுதி, வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்து இணைத்துக் கொடுத்த பிறகுதான் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான காவல் நிலைய ரசீது, கைக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "படித்தவர்கள் நீங்களே விசாரிக்காமல் கொடுத்துவிட்டீர்களே" என்கிறார்கள். திருடியவனை ஒரு வார்த்தை கேட்காமல், பறிகொடுத்தவளைக் குறுக்கு விசாரணை செய்யும் இந்தப் பழக்கத்தால்தான் இப்படிப்பட்டவர்கள் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

அறை எப்படிப் போட வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ஏஜென்ட் எந்தக் காகிதம் கொடுத்தாலும், கிளம்புமுன் ஓட்டலின் வரவேற்புக்கே போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த போன் எண்ணை ஓட்டலின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். ஏஜென்ட் கொடுக்கும் எண்ணோ, தேடலில் முதலில் வந்து நிற்கும் எண்ணோ வேண்டாம். ஓட்டல் இணையதளம் மாதிரியே போலி தளம் வைத்துப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இணையத்தில் நிரம்பிவிட்டது, என்னிடம் கோட்டா இருக்கிறது என்பவரிடம் முன்பணம் தராதீர்கள்.

கடைப் பெயர் ஒன்று, கியூஆரில் வரும் பெயர் வேறு என்றால் பின் எண்ணைப் போடாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இணையம் வழியாகப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கை மாறிவிடும். நுகர்வோர் உதவிக்கு 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் போடப்போகிறேன்.

நேற்று மாலை அந்த வழியாகப் பஸ்ஸில் வந்தேன். கடை வாசலில் புதிய பலகை: பொங்கல் விடுமுறைச் சிறப்பு, ரிசார்ட்டுடன் மூணாறு, சில இடங்கள் மட்டுமே. உள்ளே கைக்குழந்தையுடன் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். இதைப் படிப்பவர்களில் அவர்கள் இருந்தால், மூணாறு ஓட்டலுக்கு இன்றே போன் செய்யுங்கள்.