ஆறு வருடமாக ஒரே ஜோடி மரத்துடுப்பு: தோல் பட்டைதான் பிரச்சினை

மரத்துடுப்பு வாங்கலாமா, அலுமினியமே போதுமா என்று நண்பர் கேட்டார். ஏழரை அடி நீள ஸ்ப்ரூஸ் மரத்துடுப்பு ஒரு ஜோடியை ஆறு வருடமாக வலித்து வருகிறேன். துடுப்பைத் தாங்கப் படகின் இரு விளிம்பிலும் இருக்கும் இரும்புக் கவைகளுக்கு இடையே நாலடி இடைவெளி உள்ள படகுக்கு இந்த நீளம் சரியாகவே இருக்கிறது. போன வாரம்தான் துடுப்பில் சுற்றியிருக்கும் தோல் பட்டையை இரண்டாவது முறையாக மாற்றினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஒவ்வொரு இழுப்பிலும் துடுப்பு இரும்புக் கவையில் ஒரே இடத்தில்தான் அழுந்துகிறது. ஸ்ப்ரூஸ் எடை குறைந்த மரம், மென்மையானதும்கூட. தோல் சுற்றாவிட்டால் இரும்பு மரத்தையே தின்றுவிடும். இதெல்லாம் தெரிந்து துடுப்பைச் செய்தவர்கள்தான் தோலை ஆணி அடித்து நிறுத்தியிருந்தார்கள்! பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு ஆணித் துளையைச் சுற்றியும் தண்ணீர் இறங்கி மரம் கறுத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போனது. சரி, ஆணி வேண்டாம், தைத்துக் கொடுங்கள் என்று பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். தைத்தார், ஆனால் தையல் கவையில் உரசும் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஒரே மாதத்தில் நூல் அறுந்தது.

இந்த முறை நானே உட்கார்ந்தேன். தோலை ஊறவைத்து, ஈரத்தோடு இழுத்துச் சுற்றி, உரசாத பக்கம் பார்த்துத் தைத்தேன். காயக் காயச் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொண்டது. மேலே கொஞ்சம் வாசலின். அந்தக் கிறீச் சத்தம் அடியோடு போய்விட்டது.

கைப்பிடியில் வார்னிஷ் அடித்திருந்ததும் தப்புதான். முதல் மாதம் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் தடவினேன், அப்புறம் தொந்தரவில்லை.

ஆனால் வலிக்கும்போது இதற்கு ஈடில்லை. இழுப்பின் தொடக்கத்தில் மரம் இம்மியளவு வளைந்து, முடிவில் நிமிர்கிறது. அது கையில் தெரியும். தண்ணீரை விட்டு எடுத்ததும் மணிக்கட்டைத் திருப்பி அலகை, அதாவது துடுப்பின் தட்டையான முனையை, படுக்கவைத்தால் எதிர்க்காற்றைக் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும். அலகின் நுனியிலிருந்து சொட்டும் துளிகளின் சத்தம் மட்டும் கேட்கும். அலுமினியத் துடுப்பையும் வலித்திருக்கிறேன், அதில் இந்த உயிர் இல்லை.

நண்பரே, நீங்கள் வாங்க வேண்டாம். வருடத்துக்கு நாலு முறை படகு எடுப்பவர் நீங்கள். தோலையும் எண்ணெயையும் யார் கவனிப்பது? அலுமினியமே போதும். என் ஜோடியை விலைக்குக் கேட்டால் மட்டும் தர மாட்டேன்.