வெங்காயத்துக்கு மேல் வெங்காயமா, இடையில் சணலா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டத்தில் எதை நடலாம் என்று பேசும்போது விளைச்சலை மட்டும் கணக்கெடுப்பது போதாது. அந்தக் காணிக் கிணற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான்.

வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்று ஓய்வில்லாமல் நட்டால் காசு கெதியாக வரும். கடன்பட்ட வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். பயிர் எடுத்தது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறும். மண் அதைப் பிடித்து வைக்காது. இறைப்போடும் மழையோடும் கல்வெடிப்புகளால் கிணற்றுக்கு இறங்கிவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகளை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

புகையிலையும் இதே வழிதான். சாம்பல்சத்தை (பொற்றாசியத்தை) நிறைய உறிஞ்சும். வேரைத் தாக்கி வீங்கவைக்கும் வேர்முடிச்சுப் புழுவும் பெருகும்.

இடையில் ஒரு போகம் சணல், அதாவது பசளைக்காக வளர்க்கும் சணப்பை, விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது வேறு கதை. ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள நைதரசனைப் பிடிக்கும் பக்றீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். உழுத பிறகு மண் பொலபொலவென்று உதிரும், மண்புழு வரும், ஈரம் நிற்கும். வேர்முடிச்சுப் புழுவும் குறையும். மஞ்சள் பூவுக்குத் தேனீ வருவது அயல் தோட்டத்துப் பூசணிக்கும் நல்லது. குறை என்னவென்றால், அந்தப் போகத்துக்கு வருமானம் இல்லை. அதனால் பலர் பயறு போடுகிறார்கள். மண்ணுக்குப் பலன் சற்றுக் குறைவு, கைக்கு ஏதாவது வரும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஆட்டெரு, குழை, சணல் எல்லாம் சேதனப் பசளைதானே என்று மாரிக்கு முன் தாழ்த்துவிட்டு நிலத்தை வெறுமையாக விட்டால், அந்த நைதரசனும் கிணற்றுக்குத்தான் போகும். உழுத இரண்டு மூன்று கிழமைக்குள் அடுத்த பயிர் நிலத்தில் நிற்கவேண்டும்.

மானாவாரி நெல்வயலை இந்தப் போட்டியில் சேர்ப்பதில்லை, அது தப்பு. வரம்பு கட்டிய வயல் மாரித் தண்ணீரை மறித்து நிலத்துக்குள் இறக்குகிறது. அதை மண் போட்டு மூடி வீடு கட்டினால் அந்த நீர் கடலுக்குப் போகும்.

என் தெரிவு இது: நாலு பரப்புத் (பரப்பு எங்கள் நில அளவு) தோட்டம் என்றால் முறைவைத்து ஒரு பரப்புக்குச் சணல், மற்ற மூன்றில் வெங்காயமும் மரக்கறியும். சணல் நின்ற பரப்பில் அடுத்த வெங்காயத்துக்கு யூரியாவைக் குறைத்துப் போடுங்கள். குறைக்காவிட்டால் கிணற்றுக்கு ஒரு பலனும் இல்லை.