ட்ரெயில் கேமரா வாங்குகிறீர்களா? விளம்பரத்தில் உள்ள எண்களை நம்பாதீர்கள்

ராத்திரியில் மட்டும் வெளியே வரும் விலங்குகளைப் படம் எடுக்க ட்ரெயில் கேமரா (விலங்கு வரும் தடத்தில் பொருத்திவைத்தால் அசைவைக் கண்டு தானே படம் எடுக்கும் கேமரா) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். 48 மெகாபிக்சல், 0.2 நொடியில் கிளிக், 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு, விலங்குக்குத் தெரியவே தெரியாது என்று விளம்பரம். வந்த பெட்டியின் மேல் இதில் ஒன்றுகூட அச்சிடப்படவில்லை, 'நைட் விஷன்' என்று மட்டும் இருந்தது.

முதலில் விளக்கு. 940 என்றால் இருட்டில் நேராகப் பார்த்தாலும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. இதிலோ ஒவ்வொரு படத்துக்கும் சிகரெட் கங்கு மாதிரி சிவப்புப் புள்ளிகள் மின்னுகின்றன, அதாவது உள்ளே இருப்பது 850 நானோமீட்டர் விளக்கு. அது மட்டமானது என்று சொல்லவில்லை, வெளிச்சம் இன்னும் தூரம் எட்டும் என்பதால் தெரிந்தே அதை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் மிரளும் விலங்கு வரும் தடத்தில் வைக்கத்தானே கூடுதல் காசு கொடுத்து 940 கேட்டது? ஒரு படத்தில் மரநாய் அப்படியே நின்று விளக்கை முறைக்கிறது, அடுத்த படத்தில் வெறும் புதர்.

48 மெகாபிக்சலும் கண்கட்டு வித்தைதான். சின்ன சென்சார் எடுத்ததை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால் ஃபைல் மட்டும் கனமாக இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மீசையும் கன்னமும் ஒரே சாம்பல் திட்டு. 0.2 நொடியா? நானே குறுக்கே நடந்து பார்த்தேன், முதுகுகூட முழுசாக விழவில்லை. விலங்குகளில் பெரும்பாலும் வால்தான் கிடைத்தது.

புகார் சொன்னதும் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், அப்புறம் மெமரி கார்டை, அப்புறம் செட்டிங்ஸை. லித்தியம் பேட்டரி போட்டும் அதே கதை. இப்படியே இழுத்தடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு பதிலே இல்லை.

கேமரா வந்த அன்றே இருட்டறையில் வைத்து எதிரே நின்று பாருங்கள், வெறும் கண்ணால். போன் கேமரா வழியாகப் பார்த்தால் சில போன்களில் 940-உம் மின்னுவது போலத் தெரியும், குழப்பம்தான் மிஞ்சும். வாங்குவதற்கு முன்பே, கார்டிலிருந்து எடுத்தபடியே ஒரு ராத்திரிப் படத்தின் அசல் ஃபைலைக் கேளுங்கள். இப்போது வேறொருவரிடம் அப்படித்தான் கேட்டேன். பளிச்சென்று ஒரு பகல் படம் அனுப்பியிருக்கிறார்.