அக்ரிலிக் அடியில் பிரிண்ட்: ஈரத்திட்டு போக எது உதவியது

ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பொருத்திய கேம் கன்ட்ரோல் பேனலில், அச்சடித்த படத்துக்கு மேலே 3 மி.மீ. தெளிவான அக்ரிலிக் ஷீட் போட்டுப் பல வருடங்களாகப் புழங்கி வருகிறேன். படம் எவ்வளவு நன்றாக அச்சானாலும், அது ஷீட்டோடு எப்படி உட்காருகிறது என்பதில்தான் கடைசித் தோற்றம் இருக்கிறது.

பெரிய தொல்லை ஈரத்திட்டு. பளபளப்பான பிரிண்டைக் கறுப்புப் பின்னணியோடு வைத்தால், சில இடங்கள் தண்ணீர் பட்டதுபோல அடர்த்தியாகத் தெரியும். விரலால் அழுத்தினால் திட்டு பரவும், விட்டால் மெல்லச் சுருங்கும். உள்ளே ஈரம் எதுவும் இல்லை. பிரிண்ட் ஷீட்டை நெருங்கித் தொடும் இடத்தில் நடுவிலுள்ள காற்று வெளியேறி, உள்பரப்புகளின் பிரதிபலிப்பு மறைந்துவிடுகிறது. நிறம் ஆழமாகத் தெரிகிறது. காற்று இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4% ஒளியைத் திருப்பி அனுப்புவதால் லேசாக வெளிறுகிறது. இடைவெளி மிக மெல்லியதாக இருந்தால் வானவில் வளையங்களும் வரும். நியூட்டன் வளையங்கள் என்பது அதைத்தான். ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் ஸ்க்ரூவைச் சுற்றித் திட்டு இன்னும் கூடும்.

ஒன்று, பிரிண்ட் ஷீட்டோடு எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் எங்குமே ஒட்டக் கூடாது. எனக்கு நிலைத்துக் கைகொடுத்தது மேட் லேமினேஷன், அதாவது பிரிண்டின் மேல் ஒட்டும் பளபளப்பில்லாத மெல்லிய படலம். அதன் சொரசொரப்பு ஷீட்டை எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி நிறுத்துகிறது. கறுப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும், அது உண்மைதான். ஆனால் பேனல் முழுக்க ஒரே சீராக இருக்கிறது. படத்தை மாற்றுவதும் எளிது. தெளிவான ஒட்டுப்படலம் வைத்து முழுவதும் ஒட்டினால் நிறம் அபாரமாக வரும். ஆனால் ஒரு தூசி சிக்கினாலும் அது அங்கேயே தங்கிவிடும். இனி படத்தை மாற்றவே போவதில்லை என்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

அப்புறம் தூசி. பாதுகாப்பு ஃபிலிமை உரிக்கும்போது ஷீட்டில் ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) ஏறி, சுற்றியுள்ள தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அடிப்பக்க ஃபிலிமைக் கடைசி நிமிடத்தில், மெதுவாக உரியுங்கள். மேல்பக்கத்தது வேலை முடியும்வரை அப்படியே இருக்கட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் ஸ்டாட்டிக் கூடத்தான் செய்யும். மென்மையான சோப்புக் கரைசலில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி போதும். ஆல்கஹாலும் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பக்கத்திலேயே வரக் கூடாது. டிரில் செய்த துளைகளின் ஓரத்தில் முடி போன்ற விரிசல்கள் விழும்.

இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் ஒரு நாளாவது திறந்த வெளியில் உலரட்டும். அவசரமாக மூடினால் மையிலிருந்து வரும் ஆவி ஷீட்டின் அடியில் மங்கலாகப் படியும். சாதாரணக் காகிதம் ஈரப்பதத்தில் அலை அலையாக எழும்பும். பாலிப்ரொப்பிலீன் தாளில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஸ்க்ரூ துளையை ஒரு சுற்றுப் பெரிதாக வைத்து, வாஷர் போட்டு, கைப்பிடிப்பாக மட்டும் இறுக்குங்கள். 1 மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். நீள இடம் இல்லாவிட்டால் நடுவில் வளைந்து, பழைய திட்டுகள் புது இடத்தில் தோன்றும்.

மணிக்கட்டு உரசும் இடத்தில் நுண்கீறல்கள் வந்திருக்கின்றன. பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் மெல்லியவை மறைகின்றன, ஆழமானவை அப்படியே நிற்கின்றன. அடுத்த முறை கீறல் தாங்கும் கோட்டிங் உள்ள ஷீட்டைத்தான் வாங்குவேன்.